பாக்கெட்டுகளைப் பிடித்து நெட்வொர்க் பழுதைக் கண்டறிதல்

"நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது" என்ற புகாரை மட்டும் வைத்துக்கொண்டு பாக்கெட்டுகளை, அதாவது நெட்வொர்க்கில் தரவு பயணிக்கும் சிறு துண்டுகளை, பிடித்துப் பதிவுசெய்யத் தொடங்கினால், சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான வரிகள் சேருமே தவிர விடை கிடைக்காது. எந்தக் கணினியிலிருந்து எந்தச் சர்வருக்குச் செல்லும் இணைப்பு, எந்தச் செயலின்போது, எத்தனை மணிக்குத் தடுமாறியது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். நிர்வகிக்கும் உரிமையோ முறையான அனுமதியோ இல்லாத நெட்வொர்க்கில் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவியாக வயர்ஷார்க் போதும். 1998இல் ஈதரியல் என்ற பெயரில் வெளிவந்து, 2006இல் இப்பெயரைப் பெற்ற இலவச மென்பொருள் இது. வரைகலைத் திரை இல்லாத சர்வர்களில் கட்டளை வரியில் இயங்கும் டிசிபிடம்ப் என்ற கருவி மூலம் பதிவைக் கோப்பாகச் சேமித்து, பிறகு அதனை வயர்ஷார்க்கில் திறந்து பார்க்கலாம்.

எங்கே பிடிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பொதுவாக ஒவ்வொரு பாக்கெட்டையும் அது சேர வேண்டிய போர்ட்டுக்கு (கேபிள் செருகும் இடத்துக்கு) மட்டுமே அனுப்புவதால், அதில் செருகிய மடிக்கணினிக்குப் பிறருடைய உரையாடல் தெரியாது. ஆகவே பாதிக்கப்பட்ட கணினியிலேயே பிடிக்க வேண்டும். இயலாதபோது, அதன் போர்ட்டில் போகும் போக்குவரத்தின் நகலை வேறொரு போர்ட்டுக்கு அனுப்புமாறு ஸ்விட்சை அமைக்க வேண்டும்.

வடிகட்டிகள் இருவகைப்படும். பிடிக்கும்போது இடும் வடிகட்டி விலக்கியவை திரும்பக் கிடைக்கா. பார்க்கும்போது இடுவது மறைக்க மட்டுமே செய்யும். எனவே முதலாவதைத் தளர்வாக வைப்பதே நல்லது. சர்வரின் ஐபி முகவரியை மட்டும் கேட்டுப் பிடித்தால், 53ஆம் போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது சேவையைக் குறிக்கும் எண்) நடக்கும் டிஎன்எஸ் விசாரணை, அதாவது சர்வரின் பெயருக்குரிய ஐபி முகவரியை வேறொரு சர்வரிடம் கேட்பது, விடுபட்டுப்போகும். தாமதம் அங்கேயே இருந்திருக்கலாம்.

பதிவைத் திறந்ததும் மூன்று இடைவெளிகளை அளக்க வேண்டும். டிஎன்எஸ் கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட நேரம் முதலாவது. இணைப்பைக் கோரிக் கணினி அனுப்பிய சின் பாக்கெட்டுக்கும் அதை ஏற்கும் சர்வரின் சின்-ஆக் பாக்கெட்டுக்கும் இடைப்பட்ட நேரம் இரண்டாவது. இது ஏறக்குறைய பாதையின் போய்வரும் நேரம். கோரிக்கைக்கும் பதிலின் முதல் பாக்கெட்டுக்கும் இடைப்பட்டது மூன்றாவது. இரண்டாவது 20 மில்லி வினாடியாகவும் மூன்றாவது 4 வினாடியாகவும் இருந்து, இடையில் மறு அனுப்பல்களும் இல்லையென்றால், நெட்வொர்க்கைக் குறை சொல்ல இடமில்லை. சர்வரிலோ அதன் பின்னாலுள்ள தரவுத்தளத்திலோதான் தேட வேண்டும். உள்ளடக்கம் டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு நெறிமுறை மூலம் மறையாக்கப்பட்டிருந்தாலும் இந்த நேரங்களை அளக்க முடியும் என்பது பெரிய வசதி.

இணைப்பே ஏற்படாதபோது, மறுப்பையும் மௌனத்தையும் பிரித்தறிய வேண்டும். சின்னுக்கு உடனே ஆர்எஸ்டி என்ற மறுப்புப் பாக்கெட் வந்தால், பெரும்பாலும் பாக்கெட் சர்வரை அடைந்திருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் எந்தச் சேவையும் காத்திருக்கவில்லை என்று பொருள். சில ஃபயர்வால்களும் இவ்வாறு மறுப்பதுண்டு. பதிலே இல்லாமல் அதே சின் ஏறத்தாழ 1, 2, 4 வினாடி என்று இரட்டிக்கும் இடைவெளிகளில் மறுபடி மறுபடி போனால், வழியில் ஏதோ ஒன்று அதை விழுங்குகிறது அல்லது பதில் திரும்பி வரவில்லை. இவற்றுள் எது என்று ஒருமுனைப் பதிவு சொல்லாது. சர்வர் பக்கத்திலும் அதே நேரத்தில் பிடித்து, இரு கணினிகளின் கடிகாரங்களையும் முன்கூட்டியே ஒத்திசைத்து, இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு எச்சரிக்கை: தன் கணினியிலிருந்து வெளியேறும் பாக்கெட்டுகளில் செக்சம் (பாக்கெட் சிதையவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) பிழை தென்பட்டால் பதற வேண்டாம். அந்தக் கணக்கீட்டை நெட்வொர்க் கார்டு பிறகு செய்யும் அமைப்புகளில், அதற்கு முன்பே பாக்கெட் பதிவாகிவிடுவதால் அவ்வாறு தெரிகிறது.