மதுரையிலிருந்து சினிமா படிக்கப் போகிறவர்களுக்கு

சினிமாவை இளங்கலைப் பட்டமாகப் படிக்க மதுரைப் பக்கத்து மாணவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஊரிலேயே இருந்துகொண்டு மூன்றாண்டு பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் (சுருக்கமாக விஸ்காம்) படிக்கலாம். இல்லையென்றால் சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் நான்காண்டுப் பட்டம். இரண்டும் ஒன்றல்ல. விஸ்காமில் படம் வரைதல், டிசைன், விளம்பரம், போட்டோகிராபி, தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்தே வரும், சினிமா அதில் ஒரு பங்குதான். தரமணியில் ஒளிப்பதிவா, இயக்கமா, படத்தொகுப்பா, ஒலிப்பதிவா என்று சேரும்போதே முடிவு செய்துவிட வேண்டும். அங்கே இடங்கள் குறைவு என்பதால் இரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள்.

பத்தாம் வகுப்பில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலிப்பதிவில் ஆர்வம் இருந்தால் பிளஸ் டூவில் இயற்பியலை விட்டுவிடாதீர்கள். பட்டம் முடித்து புனே திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் படிப்புக்குப் போக நினைத்தால் பிளஸ் டூ இயற்பியலைக் கேட்பார்கள். அப்போது திரும்பிப் போய்ப் படிக்க முடியாது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது எத்தனை கேமரா இருக்கிறது என்று கேட்டுப் பயனில்லை. சனி, ஞாயிறில் கேமராவை வெளியே கொண்டுபோக விடுவார்களா, எடிட்டிங் லேப் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். போன வருஷத்து மாணவர் படம் இரண்டைப் போட்டுக் காட்டச் சொல்லி, ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். படம் பளிச்சென்று இருந்து வசனம் மட்டும் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்டால், அங்கே ஒலியை யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று பொருள். மாணவர் படங்கள் பெரும்பாலும் விழுவது ஒலியில்தான்.

சேர்ந்த முதல் செமஸ்டரில் பெரிய கதைக்குப் போக வேண்டாம். வசனம் இல்லாமல், ஒரே இடத்தில், இரண்டு பேர், பத்து ஷாட், இரண்டு நிமிடம் போதும். ஒருவர் கடனைத் திருப்பிக் கேட்கிறார், மற்றவர் தட்டிக்கழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கேமராவை அதன் ஒரே பக்கத்தில் வைத்தே எல்லா ஷாட்டையும் எடுங்கள். கோட்டைத் தாண்டினால் எதிரெதிரே நின்றவர்கள் எடிட்டிங்கில் ஒரே திசையைப் பார்ப்பார்கள். ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷாட் எடுக்கும்போது கேமராவின் கோணம் 30 டிகிரியாவது மாறட்டும். இல்லாவிட்டால் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் வெட்டு துள்ளித் தெரியும்.

நம் ஊர் டியூப் லைட்டுக்கும் வெயிலுக்கும் தனிக் கணக்கு உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே கேமராவில் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 விநாடி என்று வைத்துவிடுங்கள், டியூப் லைட் மினுக்காது. ஆனால் அதே ஷட்டரோடு உச்சி வெயிலில் இறங்கினால் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு) 100-லேயே அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 22 வரை சுருக்க வேண்டியிருக்கும், பின்னணி மங்கவே மங்காது. துளை அகன்ற எஃப் 4-க்கு வர ஐந்து ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பாதியாக) வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு லென்ஸின் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. 32 ஃபில்டர். அது இல்லாமல் ஷட்டரை 1/1600-க்கு ஏற்றினால் நடை வெட்டி வெட்டித் தெரியும். சித்திரையில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுவதால் கண்குழி கருத்துப்போகும், பத்து மணிக்கே வெளிப்புறக் காட்சியை நிறுத்திவிடுவது நல்லது. மாலையில் சாய்ந்து விழும் மஞ்சள் வெயில் அரைமணி நேரம்கூட நிற்காது. ரிகர்சலை அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

எங்களைக் கேட்டால் மார்கழிதான் படமெடுக்கச் சரியான மாதம். சூரியன் தாழ்ந்து வரும். கல்யாணம் இல்லாததால் போட்டோ ஸ்டுடியோக்களில் நல்ல கேமராக்கள் சும்மா இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். விடியற்காலைக் கோயில் மைக் செட் ஓய்ந்ததும் வேலையைத் தொடங்குங்கள். ஆடியிலும் கேமரா கிடைக்கும். ஆனால் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றி ரேடியோ கட்டியிருப்பார்கள், வசனக் காட்சி எடுக்கவே முடியாது.

வசனத்துக்குக் கேமரா மைக்கை நம்பாதீர்கள். பூம் மைக் (நீளக் கழியில் கட்டிப் பிடிக்கும் மைக்) பேசுபவர் தலைக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடிக்குள் இருக்கட்டும். ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ரெக்கார்டரின் மீட்டரில் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்க வேண்டும். மின்விசிறியை அணையுங்கள், பிரிட்ஜையும் சேர்த்துத்தான். அணைத்தவர் தன் வண்டிச் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் திரும்பப் போட மறக்காது. ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிட வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வசனத்தை வெட்டும் இடங்களில் விழும் பள்ளத்தை நிரப்ப அது வேண்டும்.

விநாடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு நிமிடம் 750 எம்.பி., ஒரு மணி நேரம் 45 ஜி.பி. இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை அழியுங்கள்.

திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது, கீழக்குயில்குடி சமணர் மலை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் அனுமதி வாங்காமல் கேமரா ஸ்டாண்டு போடாதீர்கள். உங்கள் கல்லூரித் துறைத் தலைவரின் கையெழுத்தோடு, நாள், நேரம், ஆட்கள் எண்ணிக்கை, கருவிகள் எல்லாம் எழுதிய கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனே கூடாது, அங்கே எடுப்பதாகக் காட்சியை எழுதாமலிருப்பதே மேல்.

இறுதியாண்டுப் படத்தில் சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட வேண்டாம். உரிமைக் கடிதம் இல்லாத பாட்டு இருந்தால் திரைப்பட விழாவுக்கு அனுப்ப முடியாது, இணையத்தில் ஏற்றினாலும் முடக்கிவிடுவார்கள். ஊரில் பறை, நாதஸ்வரம் வாசிக்கிறவர்களிடம் பேசி, சன்மானம் கொடுத்து, புதிதாக வாசிக்க வைத்துப் பதிவு செய்யுங்கள். படத்தில் பயன்படுத்தச் சம்மதம் என்று எழுதி அன்றைக்கே கையெழுத்து வாங்கி, அவர்கள் பெயரை டைட்டிலில் போடுங்கள்.