சைக்கிளின் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் காற்றை வெளியேற்றுவது எப்படி?

பிரேக் லீவர் பஞ்சுபோல் அமுங்கினாலோ, இரண்டு மூன்று முறை அழுத்திய பிறகே பிடித்தாலோ, எண்ணெய்க் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கக்கூடும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும்; ஆகவே விரலின் விசை பிஸ்டனைத் தள்ளாமல் குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிறது.

இங்கே ஷிமானோ பிரேக்குக்கான முறையைச் சொல்கிறேன். இதற்கு அந்நிறுவனத்தின் மினரல் ஆயில்தான் வேண்டும். ஸ்ராம் என்ற வேறொரு நிறுவனத்தின் பல பிரேக்குகளுக்கு உரிய டாட் (DOT) எனும் வேறு வகை பிரேக் திரவத்தை இதில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். வீட்டிலிருக்கும் தையல் இயந்திர எண்ணெயும் ஆகாது.

முதலில் சக்கரத்தையும், டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் உராய்வுத் தகடுகளான பேடுகளையும் கழற்றி, எண்ணெய் தெறிக்காத தொலைவில் வைக்கவும். எண்ணெய் ஊறிய பேடைப் பெரும்பாலும் தூக்கி எறியத்தான் வேண்டும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. பேடுகளைத் தள்ளும் பிஸ்டன்களை உள்ளே தள்ளி, அவை வெளியே வராமல் தடுக்கும் பிளீட் பிளாக் என்ற கட்டையை அவற்றுக்கிடையே செருகவும்.

லீவரைத் தரைக்கு இணையாகத் திருப்பி, அதன் மேலுள்ள சிறு திருகை ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தோடு எடுத்துவிட்டுப் புனலைப் பொருத்தவும். காற்றில்லாமல் எண்ணெய் நிரப்பிய சிரிஞ்சை, சக்கரத்தருகே பிஸ்டன்களைத் தாங்கும் காலிப்பரின் நிப்பிளில் (எண்ணெய் செல்லும் சிறு திருகு முனை) இணைத்து, நிப்பிளை எட்டில் ஒரு சுற்று தளர்த்தி, மெதுவாக அழுத்தவும். குமிழிகள் தாமாகவே மேலேறும் இயல்புடையவை. கீழிருந்து எண்ணெய் செலுத்துவதற்குக் காரணமே அதுதான். புனலில் குமிழி வருவது நின்றதும் நிப்பிளை மூடவும்.

பொறுமை வேண்டிய கட்டம் இனிமேல்தான். பின் பிரேக்கின் நீண்ட குழாயில் வளைவுகளிலும், காலிப்பரின் மூலைகளிலும் சில குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். திருப்புளியின் கைப்பிடியால் அவ்விடங்களை மெல்லத் தட்டி, லீவரை அழுத்தி விட்டு, அதை இருபுறமும் ஏறத்தாழ 30 டிகிரி சாய்த்துப் பார்த்தால், முடிந்துவிட்டது என்று நாம் நினைத்த பிறகும் புனலில் குமிழிகள் எழுவதைக் காணலாம். அவை முற்றிலும் நிற்கும்வரை புனலில் எண்ணெய் வற்றக் கூடாது.

பின்னர் புனலை அடைப்பானால் மூடி அகற்றி, எண்ணெய் சற்று வழியும்படியே திருகை இறுக்கவும். நிப்பிளுக்கு 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் காலிப்பரையும் டிஸ்க்கையும் நன்கு துடைத்த பிறகே பேடுகளையும் சக்கரத்தையும் மாட்டி, லீவரை வலுவாக அழுத்திப் பிடித்துக் கசிவு பார்க்கவும்.

பேடின் உராய்வுப் பகுதி 0.5 மில்லிமீட்டராகவோ, டிஸ்க்கின் தடிமன் 1.5 மில்லிமீட்டராகவோ தேய்ந்திருந்தால், புதிது மாற்றுவதற்கும் இதுவே தக்க நேரம்.