பதிவுக்கு முன் பன்னிரண்டு வாரம்: குமரி மாவட்டத்தில் தொண்டு அமைப்பு நடத்தத் தாமே பழகும் முறை

தொண்டு அமைப்பு தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது பதிவாளர் அலுவலகத்தில். சான்றிதழ் வாங்கி, லெட்டர்பேடு அடித்து, திறப்பு விழாவும் நடத்தி முடித்த பிறகுதான் கேஷ் புக் எழுத ஆளில்லை, தீர்மானம் எழுதத் தெரிந்தவர் இல்லை என்பது தெரியவரும். இரண்டு வருடம் கணக்கு தாக்கல் செய்யாமல் போனால் அதைச் சரிக்கட்ட ஆகும் அலைச்சலில் அமைப்பே நின்றுவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் பன்னிரண்டு வாரம் ஒரு சிறிய வேலையை, பதிவான சங்கம் எப்படி நடத்துமோ அப்படியே நடத்திப் பழகுங்கள். பதிவு அதற்குப் பிறகு.

ஆட்களையும் பணத்தையும் தொடக்கத்திலேயே ஓர் அளவுக்குள் வைக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி, 20 உறுப்பினர்களை எட்டிய சங்கமும், ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டிய சங்கமும் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவுக்குக் குறைந்தது ஏழு பேர் தேவை. ஆகவே பயிற்சிக் காலத்துக்கு ஒன்பது பேர் சரியான எண்ணிக்கை. இரண்டு பேர் விலகினாலும் ஏழு பேர் நிற்பார்கள். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் என்றால் மூன்று மாதத்தில் 5,400. வெளியாரிடம் நன்கொடை வசூலிக்க வேண்டாம்.

எந்த வேலையை எடுப்பது? இங்கே உதாரணத்துக்கு எடுத்திருப்பது, கிடையில் கிடக்கும் முதியவர்களுக்கு வாக்கர், சக்கர நாற்காலி, ஏர் பெட் (படுக்கைப் புண் வராமலிருக்க பம்ப் வைத்துக் காற்றடைக்கும் மெத்தை) போன்றவற்றை இரவல் கொடுப்பது. பிள்ளைகள் வளைகுடாவிலும் வெளியூரிலும் இருக்க, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் குமரியில் ஏராளம். உபயோகித்தவர் காலமான பிறகு பரணில் ஏறிக் கிடக்கும் வாக்கர்களும் அதே அளவுக்கு இருக்கின்றன. வாங்க வேண்டியது குறைவு, பழுதுபார்க்க வேண்டியது அதிகம். பொருள், பணம், ஆள், நம்பிக்கை நான்கும் ஒரே வேலையில் புழங்குவதால் பழகுவதற்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

முதல் இரண்டு வாரம் கேட்பதற்கு மட்டும். கிராம சுகாதார செவிலியரையும், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளரையும் பார்த்துப் பேசுங்கள். அவர்கள் ஏற்கெனவே போகும் வீடுகளில் நீங்கள் என்ன செய்யக் கூடாது என்பதும் அந்தப் பேச்சில் தெரிந்துவிடும். நோயாளிப் பட்டியலைக் கேட்காதீர்கள், அது அவர்கள் தரக்கூடியது அல்ல. உங்கள் எண்ணைக் கொடுத்து, தேவைப்படும் வீட்டாரையே அழைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே பகுதியில் முப்பது வீடு. கேள்வி மூன்றுதான்: கிடையில் யாராவது இருக்கிறார்களா, என்ன பொருள் இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள், பயன்படாமல் கிடக்கும் பொருள் ஏதாவது உண்டா.

போகும் நேரம் முக்கியம். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், மதியத்துக்குப் பிறகுதான் உட்கார்ந்து பேச முடியும். கடற்கரை ஊர்களில் ஞாயிறு பூசை முடிந்த நேரம் நல்லது. மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்த்துக் கூட்டம் வைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு, அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம்தானே என்று ஒரே தேதியை எல்லா ஊருக்கும் வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

மூன்றாம் வாரம் முதல் கூட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரையும் தேர்ந்தெடுங்கள். கணவன் மனைவி, அண்ணன் தம்பி ஆகியோர் இந்த மூன்று பொறுப்பில் இரண்டில் இருக்கக் கூடாது. கையெழுத்துப் போடுபவரும் சரிபார்ப்பவரும் ஒரே வீட்டில் இருந்தால் சரிபார்ப்பு என்பதே நடக்காது. அதே கூட்டத்தில் நான்கு நோட்டுகளைத் திறந்துவிட வேண்டும்: மினிட் புக், கேஷ் புக், பொருள் இருப்புப் பதிவேடு, இரவல் பதிவேடு. கூடவே வரிசை எண் அச்சிட்ட ரசீது புத்தகம் ஒன்று. பக்க எண் இல்லாத நோட்டு என்றால் முதல் வேலையாக எல்லாப் பக்கத்துக்கும் கையால் எண் போடுங்கள். கிழித்த பக்கம் அப்போதுதான் தெரியும்.

கேஷ் புக்கில் முதல் சில வரிகள் இப்படி இருக்கும்:

தேதி 12, வரவு: உறுப்பினர் சந்தா, 9 பேர், ரசீது 1 முதல் 9 வரை – 1,800
தேதி 14, செலவு: வாக்கர் ரப்பர் புஷ் 8, வவுச்சர் 1 – 240
தேதி 14, செலவு: சக்கர நாற்காலி டியூப், கூலியுடன், வவுச்சர் 2 – 350
தேதி 15, செலவு: ஆட்டோ, தக்கலை – திருவிதாங்கோடு, வவுச்சர் 3 – 120
இருப்பு – 1,090

எழுதி முடித்ததும் டப்பாவில் உள்ள பணத்தை எண்ணுங்கள். 1,090 இருக்க வேண்டும். 1,070 இருந்தால் '20 குறைவு' என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பொருளாளர் தன் பையிலிருந்து இருபது ரூபாயைப் போட்டு நேராக்குவது நல்லெண்ணம்தான், ஆனால் செய்யக் கூடாது. இன்று போட்டு நேராக்கும் கை, பணம் மிஞ்சும் நாளில் எடுத்தும் நேராக்கும். சங்கப் பணமும் சொந்தப் பணமும் கலப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது, திருட்டு எண்ணத்தில் அல்ல.

ஆட்டோவுக்குப் பில் வராது. நீங்களே வவுச்சர் எழுதி, வண்டி எண், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம் குறித்து ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குங்கள். மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட் பில்கள் வெப்பத்தாளில் அச்சாகி வருபவை. சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும், நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு சேர்த்து வவுச்சரில் ஒட்டுங்கள்.

மினிட் புக்கில் யார் என்ன பேசினார்கள் என்று எழுத வேண்டியதில்லை. தேதி, இடம், வந்தவர்களின் கையெழுத்து, முடிவு, இவ்வளவு போதும். 'தீர்மானம் 3: ஏர் பெட் இரவலுக்கு 500 ரூபாய் முன்பணம் வாங்குவது. பொருள் திரும்பியதும் முழுத்தொகையும் கொடுத்துவிடுவது. இயலாத குடும்பத்துக்குச் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து விலக்கு அளிக்கலாம். எதிர்ப்பு 2, நிறைவேறியது.' எதிர்ப்பைக் கட்டாயம் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து 'நான் அன்றைக்கே வேண்டாம் என்றேன்' என்ற சண்டை வரும்போது அந்த ஒரு வரி காப்பாற்றும். கூட்டம் முடியுமுன் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்ட மினிட் எழுதப்படுவதே இல்லை.

அந்த 500 ரூபாய் வருமானம் அல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். தனிப் பக்கத்தில் எழுதி, பணத்தையும் தனிக் கவரில் வையுங்கள். புதிய சங்கங்கள் முன்பணத்தை நன்கொடையோடு சேர்த்துச் செலவழித்துவிட்டு, பொருள் திரும்பி வரும் நாளில் கையைப் பிசைவது வழக்கமாக நடக்கிறது.

பொருள்களுக்கு வருவோம். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், இரண்டு முறை கழுவினால் உரிந்துவிடும். எனாமல் பெயின்டில் வா-1, வா-2, ச-1 என்று எண் எழுதுங்கள். கடற்கரை வீடுகளுக்கு அலுமினிய வாக்கரைக் கொடுங்கள். இரும்பு வாக்கர் உப்புக்காற்றில் மடக்கும் மூட்டில்தான் முதலில் துருப்பிடிக்கும், பாரம் விழும்போது அங்கேதான் முறியும். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் ரப்பர் புஷ்களைத் திருப்பிப் பாருங்கள். அடி தேய்ந்து உலோகம் தெரிந்தால் மொசைக் தரையில் வழுக்கும்.

ஏர் பெட் கொடுக்கும்போது அரைப்பக்கம் எழுதிக் கொடுங்கள். மேலே ஒரு விரிப்புதான், கனமான மெத்தையோ ரப்பர் ஷீட்டோ போட்டு மூடினால் பயன் இல்லை. ஊசி, பின், பிளேடு பக்கத்தில் வரக் கூடாது. மின்சாரம் நின்றால் உடனே நோயாளியை மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்தவே கூடாது. 'ஏர் பெட் போட்டாச்சே' என்று வீட்டார் அசந்து விடுவதால்தான் பெட் போட்ட பிறகும் படுக்கைப் புண் வருகிறது. இரவல் கொடுத்த மூன்றாம் நாள் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதியவர் காலமாகிவிட்டால் பொருளைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. துக்க வீட்டுக்குப் போகும்போது அதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். பதினாறு அடியந்திரம், அல்லது ஏழாம் நாள் பூசை முடிந்த பிறகு போனில் பேசி, நீங்களே வண்டியோடு போய் எடுத்து வாருங்கள். பம்ப், வயர், ஓட்டை விழுந்தால் ஒட்டும் துணுக்கு எல்லாம் இருக்கிறதா என்று பதிவேட்டைப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் பெட் வரும், பம்ப் அவர்கள் அலமாரியில் தங்கிவிடும்.

ஏழாம் வாரம் ஒரு சோதனை. செயலாளரும் பொருளாளரும் பதினைந்து நாள் விலகியிருக்க, வேறு இருவர் நோட்டுகளை வைத்து வேலையை நடத்தட்டும். போன் போட்டுக் கேட்காமல் நடத்த முடிந்தால் உங்கள் பதிவேடுகள் சரி. முடியாவிட்டால் எந்தக் கேள்விக்காகப் போன் போட்டார்களோ அதுதான் பதிவேட்டில் விட்டுப்போன கட்டம்.

பதினோராம் வாரம் பணத்தைத் தொடாத இருவர் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். எல்லா ரசீது அடிக்கட்டைகள், பத்து வவுச்சர், டப்பா இருப்பு, பொருள் இருப்பு. மூன்று இரவல் வீட்டுக்கு நேரில் போய்ப் பொருளையும் எண்ணையும் பார்த்து வர வேண்டும். பன்னிரண்டாம் வாரம் முடிவெடுங்கள். கூட்டங்களுக்கு ஏழு பேராவது தொடர்ந்து வந்திருந்தால் பதிவுக்குப் போகலாம். நான்கு பேர்தான் வந்தார்கள் என்றால், பொருள்களை ஏற்கெனவே இயங்கும் ஒரு வாசகசாலைக்கோ சங்கத்துக்கோ ஒப்படைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து செய்வது நல்லது. அதில் குறைவு ஒன்றும் இல்லை, பொருள் வேண்டியவர் கைக்குப் போவதுதானே நோக்கம்.

சங்கமா, டிரஸ்டா? அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்துவதற்குச் சங்கமே பொருத்தம், உறுப்பினர்கள் வாக்களித்து நிர்வாகத்தை மாற்ற முடியும். ஒரு குடும்பமோ சிலரோ சொத்தை ஒதுக்கி, நிர்வாகம் தங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்றால் டிரஸ்ட். அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாகப் பதிவாகும். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 8-ம் பிரிவில் கம்பெனியாகவும் தொடங்கலாம், ஆனால் ஆண்டுதோறும் ஆகும் ஆடிட்டர் செலவைத் தாங்கும் வரவு இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பைலாவை, அதாவது சங்கத்தின் விதிகளை, வேறு சங்கத்திலிருந்து அப்படியே நகல் எடுக்காதீர்கள். குறிக்கோளில் நீங்கள் பன்னிரண்டு வாரம் செய்த வேலையும் அதை ஒட்டியவையும் இருக்கட்டும். செயற்குழு குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் கூடாது, பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், வங்கியில் மூவரில் எந்த இருவர் கையெழுத்து என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். சங்கம் கலைந்தால் சொத்து உறுப்பினர்களுக்குப் பிரியாமல் இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகும் என்ற விதியும், பயன் சாதி மத வேறுபாடின்றி எல்லாருக்கும் என்ற வரியும் கட்டாயம் வேண்டும். ஒரு குறிப்பிட்ட மதத்தார்க்கோ சாதியார்க்கோ மட்டும் என்று எழுதிய அமைப்புக்கு, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு கிடைக்காது. கோவில், சர்ச், சமுதாயம் சார்ந்து அமைப்புகள் பிறக்கும் நம் மாவட்டத்தில் பல விண்ணப்பங்கள் இடறக்கூடிய இடம் இது.

பதிவுக்குப் பிறகு பான் அட்டை, சங்கப் பெயரில் வங்கிக் கணக்கு, பிறகு வருமான வரித்துறையில் பேச்சுவழக்கில் 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி எனப்படும் பதிவுகள். 2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம் 2025 வருவதால் பிரிவு எண், படிவ எண்களை விண்ணப்பிக்கும் நாளில் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குக் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது, அதை முன்கூட்டியே சொல்லி வங்கி வழியாக வாங்குங்கள். தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் இணையதளமான என்ஜிஓ தர்ப்பணில் பதிவுக்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குப் படிவம் 7, ஆண்டுதோறும் கணக்கும் உறுப்பினர் பட்டியலும். இவற்றுக்கான தேதிகளை மினிட் புக்கின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

குமரியில் தனியாகச் சொல்ல வேண்டியது வெளிநாட்டுப் பணம். துபாயிலோ குவைத்திலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய இந்தியப் பாஸ்போர்ட்டின் நகலை வாங்கி ரசீதோடு கோப்பில் வையுங்கள். ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருந்தாலும், விடுமுறைக்கு வந்து நாகர்கோவிலில் ரூபாயாகவே கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டில் பதிவான ஊர்ச் சங்கம் அனுப்பும் பணமும் அப்படியே. அதை வாங்க 2010-ம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வேண்டும். சாதாரணமாக மூன்று வருடம் இயங்கி, அந்த மூன்று வருடத்தில் குறிக்கோளுக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்த அமைப்புதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கும் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான். பதிவில்லாத கணக்கில் அப்படி ஒரு தொகை தெரியாமல் வந்து விழுந்தால் ஒரு ரூபாயும் எடுக்காமல், அன்றைக்கே வங்கிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு ஆடிட்டரைப் பாருங்கள்.