வேலை கூடியதால் வந்த வலிக்கு நட்டஈடு கேட்பதென்றால்

கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடைகளில் இது அடிக்கடி நடக்கிறது. இரண்டு பேர் விலகிப் போவார்கள், புதிதாக ஆள் எடுக்க மாட்டார்கள். இருக்கிறவர்தான் எல்லா மூட்டையையும் தூக்க வேண்டும். சில மாதங்களில் இடுப்பு பிடித்துவிடும். விழுந்து கை முறிந்தால் நாளும் நேரமும் இருக்கும், பார்த்தவர்களும் இருப்பார்கள். மெல்ல மெல்ல வந்த வலிக்கு அது எதுவும் இல்லை. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆனால் அது பேசுவது வேலையால் நேர்ந்த விபத்தையும், அதன் அட்டவணையில் உள்ள தொழில்சார் நோய்களையும் பற்றித்தான். அதனால் இப்படியான வலிக்கு ஆதாரத்தை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

வேலை கூடிய நாளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். முன்பு எவ்வளவு தூக்கினீர்கள், இப்போது எவ்வளவு என்பதையும் குறியுங்கள். முதலாளிக்கு வாயால் சொன்னதோடு விடாமல், வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அறிவியுங்கள். டொக்டரிடம் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன வேலை, எப்போதிருந்து என்பதையும் சொல்லி, துண்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். துண்டு ஒன்றையும் எறிய வேண்டாம்.

முதலாளி மறுத்தால் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகலாம். சும்மா ஒரு தொகையைத் தந்து கையெழுத்துக் கேட்டால், அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். தொழிற்சங்கத்திலோ சட்ட உதவி ஆணைக்குழுவிலோ முதலில் காட்டுங்கள்.