நல்ல நாளில் எடுத்த மதிப்பெண்

நோய் எதிர்ப்பு சக்தி குறைபாடு உள்ள பெரியவர்களைப் பார்த்தால் நோயாளி என்றே தோன்றாது. நடந்து வருவார், சிரித்துப் பேசுவார், எதைக் கேட்டாலும் “அதெல்லாம் செய்யுறேங்க” என்பார். அன்றாட வேலைத் திறனை மதிப்பிட உட்காருகிறவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

சிவிஐடி (CVID) என்ற வகையை எடுத்துக்கொள்வோம். கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடியை உடம்பு போதுமான அளவு தயாரிக்காத இந்தக் குறைபாடு, பலருக்கு இருபது வயதைத் தாண்டித்தான் தெரியவருகிறது. சைனஸ் தொல்லையும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வரும். சிலருக்கு மூச்சுக்குழல்கள் விரிந்து சளி தங்கிவிடும். 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடி மருந்து, ஏற்றுவார்கள். வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்வதும் உண்டு.

பெரிய தவறு, எந்த நாளில் பார்க்கிறோம் என்று குறித்து வைக்காதது. நரம்பில் ஏற்றிய மருந்து சுமார் 3 வாரத்தில் பாதியாகிவிடும். அடுத்த டோஸ் நெருங்கும் வாரத்தில் பலருக்கு அசதி அடித்துப் போட்டதுபோல் வரும். முதல் மதிப்பீட்டை மருந்து ஏற்ற வந்த காலையில் எடுத்துவிட்டு, இரண்டாவதைப் பத்து நாள் கழித்து எடுத்தால் எண் கூடத்தான் செய்யும். நாமோ இடையில் கொடுத்த உடற்பயிற்சி வேலை செய்துவிட்டது என்று எழுதிவிடுவோம்! கடைசியாக ஏற்றி எத்தனை நாள், இப்போது ஆன்டிபயாடிக் ஓடுகிறதா என்று மதிப்பீட்டுத் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

அப்புறம், தாளின் தேர்வு. 1965இல் வந்த பார்தெல் அளவுகோல் சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது போன்ற 10 விஷயங்களைக் கேட்கும். இவர்களில் பலர் அதில் நூற்றுக்கு நூறு. அதை வைத்து ‘மறுவாழ்வு தேவையில்லை’ என்று முடித்தால் அநியாயம். உலக சுகாதார நிறுவனத்தின் வோடாஸ் 2.0 (WHODAS) கேள்வித்தாள் கடந்த 30 நாளைப் பற்றிக் கேட்கிறது. ஒரு மருந்துச் சுற்றின் நல்ல வாரம், மோசமான வாரம் இரண்டுமே அதற்குள் வந்துவிடும். நான் அதைத்தான் எடுப்பேன்.

ஆனால் எந்தத் தாளும், செய்த வேலைக்கு உடம்பு கொடுத்த விலையை முழுதாகச் சொல்லாது. இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் தூக்கும் ஒரு பெண் என்று வையுங்கள். “தூக்குவீர்களா?” என்றால் “தூக்குவேன்”. எப்படி என்று கேட்டால்தான் வரும்: அரைக்குடம்தான், அதையும் படி திரும்பும் இடத்தில் இறக்கிவைத்து, இருமி, சளி துப்பி, மறுபடி தூக்கி. அன்றைக்குச் சமையல் கிடையாது, கடை மாவுதான். மறுநாள் மதியம்வரை படுக்கை. தாளில் இருப்பதோ ஒரு ‘ஆம்’.

ஆறு நிமிட நடைச் சோதனையிலும் இதே கதை. தூரத்தை மட்டும் எழுதாமல், ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, எங்கே நின்றார், காலையில் சளியை வெளியேற்றிவிட்டு வந்தாரா என்றும் பாருங்கள். மறுநாள் ஒரு போன் செய்து கேட்டால் இன்னும் நல்லது.

அசதியை எல்லாம் எதிர்ப்பு சக்தியின் தலையில் கட்டுவதும் தவறு. ரத்தசோகை, தைராய்டு, விடாத வயிற்றுப்போக்கு, மனச்சோர்வு எல்லாம் கூடவே இருக்கலாம்.

தொற்று பயத்தில் “வீட்டோடு இருங்க” என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. தசை கரையும், வேலையும் போகும். அதற்காக, இருமுகிறவர்கள் நிறைந்த ஹாலில் கூட்டமாகப் பயிற்சி கொடுப்பதும் சரியில்லை. காலை முதல் ஆளாக வரச்சொல்லலாம், கருவிகளைத் துடைத்துக் கொடுக்கலாம்.

வேலையைப் பற்றிக் கேட்காமல் விடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்தக் குறைபாடு தனியாக இல்லை. அலுவலகத்தில் லீவு கேட்க அவர் கையில் இருப்பது நம் அறிக்கைதான். அதில் ‘நன்றாக இருக்கிறார்’ என்று எழுதாமல், ‘மாதத்தில் ஒரு நாள் முழுக்க மருந்துக்குப் போகிறது, அதற்கு முந்தைய நான்கைந்து நாள் பாதி வேலைதான் முடியும்’ என்று அவருக்கு உள்ளபடி எழுதிக்கொடுங்கள்.