ஜவுளிக்கடையில் நிற்பவர்கள் சாப்பாட்டு நேரத்தைக் கோட்டை விடுவது எப்படி?

ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று வந்துவிட்டால் திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும் வண்ணார்பேட்டையிலும் கடைப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு நாலு மணிக்குப் போய்விடும். "அண்ணாச்சி, சாப்ட்டுட்டு வந்துருதேன்" என்று தயங்கித் தயங்கிக் கேட்பதுதான் முதல் தவறு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஒரு மணி நேரமாவது ஓய்வு தராமல் நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. காலை 9.30க்கு நின்றால் 1.30க்குள் விட வேண்டும். யார் முந்தி, யார் பிந்தி என்று முறை போடுவது முதலாளி பாடு.

விட்டாலும் முழுதாகக் கிடைக்கிறதா? மாடியில் டிபன் பாக்ஸைத் திறந்து நாலு வாய் வைப்பதற்குள் கீழிருந்து குரல் வரும்: "ஏட்டி, பட்டு செக்‌ஷன்ல பார்ட்டி நிக்கி, இறங்கி வா." பாதிச் சோற்றோடு மூடி வைத்த பாக்ஸ் ராத்திரி வீட்டில்தான் திறக்கும். ஆனால் பதிவேட்டில் ஒரு மணி நேரம் முழுசாக ஏறியிருக்கும். போன நேரம், கூப்பிட்ட நேரம் இரண்டையும் அன்றன்றைக்கே செல்போனில் குறித்து வையுங்கள். மேனேஜர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டிருந்தால் அதை அழிக்காதீர்கள்.

பலரும் ஏமாறுவது கணக்கில்தான். வேலையும் ஓய்வும் சேர்ந்து ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். 9.30 முதல் 9.30 வரை சரியாகப் பன்னிரண்டு, ஆகவே தப்பில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு மணி ஓய்வைக் கழித்தால் வேலை மட்டும் பதினொரு மணி நேரம். எட்டு மணி நேரம்தான் வேலை நாள். அதற்கு மேல் நின்றால் இரட்டைக் கூலி. அந்த ஓவர்டைமைச் சேர்த்தாலும் பொது எல்லை பத்து மணி நேரம்தான். பதினொன்றாவது மணிக்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

"அதான் ஸ்டூல் போட்டாச்சே" என்பார்கள். 2021 திருத்தத்தில் வந்த உட்காரும் உரிமை, வேலைக்கு நடுவே கால் ஆற்றிக்கொள்ள. அதைக் காட்டிச் சாப்பாட்டு நேரத்தைக் கழிக்க முடியாது. கைக்குழந்தைக்காரிகள் இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள்: பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவருக்குக் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்டத் தினம் இரண்டு இடைவேளை உண்டு.

கடைச் சட்டத்தைக் கங்கைகொண்டான் சிப்காட்டில் போய்ப் பேசக் கூடாது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த அளவே வேறாக இருந்தது. ஐந்து மணி நேர வேலைக்கு அரை மணி ஓய்வு.

கேட்டால் நாளைக்கே வராதே என்பார்களோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ சம்பளமோ இல்லாமல் நிறுத்த, இதே சட்டம் விடாது. புகாரைத் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள், நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு.