ரெஸ்டிக் பேக்கப்: இண்டெக்ஸ் இருப்பது சர்வரிலா, உங்கள் கணினியிலா?

தொலைவில் உள்ள சர்வருக்கு ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் மூலம் பேக்கப் எடுக்கிறீர்கள். ஆனால் உங்கள் டிஸ்கிலும் கேஷ் என்று ஒரு ஃபோல்டர் இடம் பிடிக்கிறது. அதை அழித்தால் பேக்கப் போய்விடுமா? ஒரு சோதனை ரெப்பாசிட்டரியில் (பேக்கப் சேமிக்கப்படும் இடம்) செய்தே பார்த்துவிடலாம்.

1. சர்வரில் ரெப்பாசிட்டரி ஃபோல்டரைத் திறங்கள். கான்ஃபிக் என்ற ஃபைலும், டேட்டா, இண்டெக்ஸ், கீஸ், லாக்ஸ், ஸ்னாப்ஷாட்ஸ் என்ற ஃபோல்டர்களும் இருக்கும். உங்கள் ஃபைல்களைத் துண்டுகளாக வெட்டி, பல துண்டுகளை ஒரே பேக் ஃபைலில் அடைத்து டேட்டாவில் வைக்கிறது ரெஸ்டிக்.

2. இண்டெக்ஸ் ஃபைலை எடிட்டரில் திறந்தால் ஒன்றும் புரியாது. எல்லாம் என்க்ரிப்ட் ஆனவை. ‘ரெஸ்டிக் லிஸ்ட் இண்டெக்ஸ்’ என்று கொடுத்தால் அவற்றின் ஐடிகள் வரும். அதில் ஒன்றை ‘ரெஸ்டிக் கேட் இண்டெக்ஸ்’ கட்டளைக்குப் பின்னால் ஒட்டுங்கள். இந்த பேக்கில் இந்தத் துண்டு, எந்த பைட்டில் தொடங்குகிறது, நீளம் எவ்வளவு என்று ஜேசன் வடிவில் கொட்டும். இண்டெக்ஸ் என்பது இவ்வளவுதான்.

3. இப்போது உங்கள் கணினி. லினக்ஸில் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் கேஷ் ஃபோல்டருக்குள் ரெஸ்டிக் என்று இருக்கும். அதற்குள் ரெப்பாசிட்டரி ஐடியின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதில் இண்டெக்ஸின் நகல். ஒவ்வொரு துண்டுக்கும் ‘இது ஏற்கெனவே இருக்கிறதா?’ என்று சர்வரைக் கேட்டுக்கொண்டிருந்தால் பேக்கப் விடிய விடிய ஓடும். அதற்காகத்தான் இந்த நகல். ஃபைலின் பெயரே உள்ளடக்கத்தின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற அடையாளம்) என்பதால், ஒருமுறை இறங்கியது பிறகு மாறாது. புதிதாக வந்ததை மட்டும் இறக்கினால் போதும்.

4. சரி, அந்த ஃபோல்டரைத் தைரியமாக அழித்துவிட்டு பேக்கப்பை மறுபடி ஓட்டுங்கள். இண்டெக்ஸ் சர்வரிலிருந்து மீண்டும் இறங்கும். முதல் தடவை கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

5. சர்வரில் உள்ள இண்டெக்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். அது கெட்டுப்போனால் ‘ரெஸ்டிக் ரிப்பேர் இண்டெக்ஸ்’ இருக்கிறது. ஒவ்வொரு பேக்கின் கடைசியிலும் உள்ளே என்னென்ன துண்டுகள் என்ற குறிப்பு இருப்பதால், அதைப் படித்தே புது இண்டெக்ஸ் கட்டிவிடும். இணைப்பு மந்தமாக இருந்தால் பொறுமை வேண்டும். அப்புறம் ‘ரெஸ்டிக் செக்’ ஓட்டுங்கள். அது வழக்கமான கேஷை நம்பாமல் சர்வரிலிருந்தே புதிதாக வாங்கிப் பார்க்கும், அதனால் அதுவும் மெதுவாகத்தான் நகரும்.